ரேம் விலை, கடலடி கேபிள், கடல் தண்ணீரில் விழுந்த போன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணா, லேப்டாப்புக்கு 16 ஜிபி ரேம் போடலாம் என்று தீபாவளிக்கு முன்னால் ரிச்சி தெருவில் விலை கேட்டு வைத்திருந்தேன். பொங்கல் முடிந்து பணத்தோடு போனால் அதே கடைக்காரர் இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறார். கல்லூரிப் பையன் என்று ஏமாற்றுகிறாரா?
(மாணவர், அண்ணா நகர்)

பதில்: ஏமாற்றவில்லை, தம்பி. அவர் வாங்கும் விலையே அப்படி ஏறிவிட்டது. 2025 கடைசியில் தொடங்கிய இந்த ஏற்றம் உலகம் முழுக்க நடக்கிறது, காரணம் ஏஐ.

உலகத்தில் ரேம் சிப் செய்யும் பெரிய நிறுவனங்கள் மூன்றுதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்களில் இருக்கும் ராட்சத சிப்களுக்கு எச்பிஎம் என்று ஒரு வகை நினைவகம் வேண்டும். நினைவக சிப்களைத் தோசை அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது அது. ஒரே கொள்ளளவுக்கு நம் லேப்டாப் ரேமைவிட அதில் அதிக சிலிக்கான் செலவாகிறது, லாபமும் அதிகம். அப்புறம் என்ன ஆகும்? இரண்டையும் செய்யும் தொழிற்சாலை அதேதான், அதில் பெரும்பங்கு அந்தப் பக்கம் போனால் நமக்கு வருவது குறையும். 2025 டிசம்பரில் மைக்ரான், 29 வருடமாக நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்தது. என் முதல் லேப்டாப்பில் நானே கையால் மாட்டிய முதல் பொருள் ஒரு குரூஷியல் ரேம். அந்தச் செய்தியைப் படித்த அன்று உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து தன் மெஷினைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆளை இந்தத் தொழில் கழற்றிவிடுகிறது என்றுதான் எனக்குப் பட்டது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் உங்கள் லேப்டாப்பில் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா, அதாவது பற்றவைக்கப்பட்டதா என்று பாருங்கள். ஸ்லாட்டே இல்லாமல் முழுக்கச் சால்டர் என்றால் பேச்சு முடிந்தது, மாற்ற முடியாது. ஏற்கெனவே ஒரு 8 ஜிபி இருந்து இன்னொரு ஸ்லாட் காலி என்றால் 16 ஜிபி குச்சி வேண்டாம், இன்னொரு 8 ஜிபி போதும். செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கப் பயப்படாதீர்கள், ரேம் சுலபத்தில் தேய்ந்துபோகிற பொருள் இல்லை. டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று சரியாகக் கேட்டு வாங்கி, அன்று ராத்திரியே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஓடவிட்டுப் பாருங்கள். பிழை ஒன்று காட்டினாலும் மறுநாள் காலையில் கொண்டுபோய் மாற்றிவிட வேண்டும். அப்படி மாற்றித் தருவதாகச் சொல்லும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2016-இல் வாங்கிய லேப்டாப், ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10 செத்துவிட்டது, இதில் விண்டோஸ் 11 ஏறாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். நன்றாகத்தானே ஓடுகிறது?
(சிறு வியாபாரி, தாம்பரம்)

பதில்: நன்றாக ஓடுவதைத் தூக்கிப் போட வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. உங்கள் மெஷின் அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இன்றைக்கும் வேலை செய்யும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும், உங்களுடையது அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சில கடைகளில் சொல்வார்கள். ஏறும், ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கணக்கு வழக்கு இருக்கும் மெஷினில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

உடனடி வழி ஒன்று உண்டு. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்துக்குப் போனால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேரச் சொல்லும். சேர்ந்துவிட்டால் 2026 அக்டோபர் 13 வரை கவலை இல்லை. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசும் கட்ட வேண்டியதில்லை. இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அதற்கப்புறம் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். மிரளாதீர்கள். லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் போட்டு, லேப்டாப்பில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்: வைபை வருகிறதா, பிரிண்டர் எடுக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா. 4 ஜிபி ரேம் இருந்தாலே சமாளிக்கும். பிரவுசர், வாட்ஸ்அப் வெப், யூடியூப், லிப்ரே ஆபீஸில் கடிதம், கணக்கு, இதெல்லாம் தாராளமாக நடக்கும். ஆனால் நீங்கள் வியாபாரி, டேலி என்ற கணக்கு சாப்ட்வேர் பயன்படுத்துபவராக இருக்கலாம், ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் குத்துபவராகவும் இருக்கலாம். டேலி விண்டோஸுக்காகச் செய்தது, டோக்கனும் லினக்ஸில் மக்கர் செய்யக்கூடும். அந்த வேலை உங்களுக்கு முக்கியம் என்றால் அதற்கு மட்டும் எட்டாம் தலைமுறைக்கு மேலான செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டு, இந்த லேப்டாப்பை லினக்ஸோடு வீட்டுக்கோ பிள்ளைகளுக்கோ விட்டுவிடலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இன்னும் உள்ளே இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், எந்தச் சாப்ட்வேரும் தராத வித்தியாசத்தை அது தரும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால் என் லேப்டாப் சார்ஜ் ஏறாமல் போனது. ஒரு சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு போச்சு, புதுசே வாங்கிவிடலாம் என்ற விலை சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. நரசிங்கபுரம் தெருவில் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கழற்றி, லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்து, சார்ஜிங் ஜாக் மட்டும் மாற்றிக் கொடுத்தார், 800 ரூபாய். இந்தப் பதிலை அந்த லேப்டாப்பில்தான் டைப் செய்கிறேன். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு போர்ட்டலே திறந்திருக்கிறது, உதிரிபாகம், வாரண்டி விவரங்களை நிறுவனங்கள் அங்கே வைக்க வேண்டும் என்பது எண்ணம். நல்ல ஆரம்பம். ஆனால் என் நம்பிக்கை இன்னும் அந்த மாடிப்படி மேசை மேல்தான் அதிகம்.

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். போன செப்டம்பரில் ஒரு வாரத்துக்கு மேல் வீடியோ கால் விட்டு விட்டு வந்தது. பைபர் கனெக்‌ஷன்காரரைக் கூப்பிட்டால் ஸ்பீட் டெஸ்ட் போட்டு 200 வருகிறதே அம்மா என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். யார் மேல் தப்பு?
(வாசகி, மயிலாப்பூர்)

பதில்: உங்கள் மேலும் தப்பில்லை, அவர் காட்டிய 200-ம் பொய்யில்லை அம்மா. ஸ்பீட் டெஸ்ட் வழக்கமாகப் பக்கத்தில் இருக்கும் சர்வரோடுதான் பேசும், சென்னையிலேயே இருக்கும் ஒன்றோடு. உங்கள் வீட்டிலிருந்து தெருமுனை வரை சாலை நன்றாக இருக்கிறது என்று அது சொல்கிறது. ஜெர்மனி வரை சாலை எப்படி என்று அதற்குத் தெரியாது.

2025 செப்டம்பர் 6-ஆம் தேதி வாக்கில் செங்கடலில் ஜெட்டா அருகே கடலுக்கடியில் போகும் இன்டர்நெட் கேபிள்கள் அறுந்தன. சீ-மீ-வீ 4, ஐமீவீ இரண்டும் அதில் அடக்கம். இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் போக்குவரத்தில் பெரும்பகுதி அந்தக் குறுகலான கடல் வழியாகத்தான் போகிறது. அறுந்ததும் மிச்சம் இருக்கும் கேபிள்களில் நெரிசல், இல்லாவிட்டால் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அதனால் பாதையில் கூடும் ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் போய்வர 10 மில்லி நொடி கூடுதலாகும். சினிமா பார்ப்பவருக்கு இது தெரியாது, முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டிவிடும். வீடியோ காலில் சேர்த்து வைக்க வழியில்லை, நீங்கள் பேசுவதும் அவன் கேட்பதும் அந்த நொடியில் நடக்க வேண்டும். அதனால்தான் முதலில் அடிபடுவது அம்மா பிள்ளை பேச்சு.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது நம் ஊருக்கு இருக்கும் இடம். சீ-மீ-வீ 4 சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை ஏறக்குறைய 18,800 கிலோமீட்டர் போகும் கேபிள், அது இந்தியாவில் கரையேறும் இரண்டு ஊர்களில் ஒன்று சென்னை, மற்றது மும்பை. சென்னையையும் சிங்கப்பூரையும் நேரடியாக இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002-லிருந்து இருக்கிறது. அந்தமானுக்கு நல்ல இன்டர்நெட் போனதே இங்கிருந்துதான்: 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள், அதற்கு முன்பு அவர்கள் செயற்கைக்கோளை நம்பியிருந்தார்கள். நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு பார்க்கும் இதே கடலுக்கு அடியில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் பருமன்கூடத் தாண்டாத கேபிள்களில் இவ்வளவும் ஓடுகிறது. கப்பல் நங்கூரம் இழுத்தாலும் மீன்பிடி வலை சிக்கினாலும் அறுந்துவிடும். அப்புறம் அதற்கென்று இருக்கும் கப்பல் வந்து, இரண்டு முனையையும் கடலடியிலிருந்து தூக்கி, மேல்தளத்தில் வைத்து இழை இழையாக ஒட்டி மறுபடி இறக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஆனால் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள், அதற்கு மிகக் கொஞ்சம் டேட்டா போதும். இல்லையென்றால் வீட்டு வைபையை விட்டுவிட்டு வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள், அவர்கள் வேறு கேபிளில் போகலாம்.

கேள்வி: போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள். அப்பா பயந்துபோய் இருக்கிறார்.
(பெயர் வேண்டாம், ஆவடி)

பதில்: இது பணம் பறிக்கும் மோசடி, நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் நிறுத்த அதுதான் வழி. அப்பாவைத் திட்டாதீர்கள். பயந்தவர் அடுத்த தடவை உங்களிடம் சொல்லாமல் மறைத்துவிடக் கூடாது.

கேள்வி: எலியட்ஸ் பீச்சில் அலையில் போன் விழுந்துவிட்டது. ஐபி68 போன்தானே என்று துடைத்துவிட்டுப் பயன்படுத்தினேன். மூன்றாவது நாள் சார்ஜ் ஏறவில்லை. அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன், சரியாகுமா?
(வாசகர், பெசன்ட் நகர்)

பதில்: முதலில் அரிசியிலிருந்து எடுங்கள். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்காது, தூளும் மாவும் சார்ஜிங் போர்ட்டுக்குள் போய் இன்னும் கெடுக்கும். அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

ஐபி68 என்பது தூசும் தண்ணீரும் புகாத் தன்மைக்கான தரம், அதன் சோதனை ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீர் வேறு விஷயம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், போர்ட்டில் மின்சாரம் இருக்கும்போது அந்த உலோகப் பற்களை அரித்துத் தின்றுவிடும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும், நம் ஊர்க் காற்றின் ஈரம் பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்கும். மூன்றாவது நாள் கெட்டதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். விழுந்த உடனே அணைத்துவிட்டு, சீல் நன்றாக இருக்கும் ஐபி68 போன் என்றால் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, போர்ட்டைக் கீழ்நோக்கித் தட்டி, மின்விசிறிக் காற்றில் காயவைத்திருக்க வேண்டும், முழுக்கக் காயும் வரை சார்ஜரைச் செருகியிருக்கக் கூடாது. இப்போது மேற்கொண்டு சார்ஜ் போட்டுப் பார்க்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், போர்ட் மட்டும் மாற்றினாலே போதுமாக இருக்கலாம். வயர்லெஸ் சார்ஜ் வசதி இருந்தால் அதில் ஏற்றி முதலில் போட்டோக்களைப் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. நான்கு முறை ஏற வேண்டாமா? மூன்றோடு நின்றுவிடுகிறது. போலியா?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: மூன்று முறை ஏறினால் அது நல்ல பவர் பேங்க், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. 20,000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் அவர், அதுதான் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். அதை 5 வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ ஏற்றி வெளியே அனுப்பும்போது கொஞ்சம் சூடாகப் போகிறது, உங்கள் போன் அதை வாங்கி மறுபடி இறக்கும்போது இன்னும் கொஞ்சம். போன் பேட்டரி ஒன்றுக்குச் சுமார் 19 வாட் அவர் என்று வைத்துப் பாருங்கள், கணக்கு மூன்றில்தான் வந்து நிற்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று 12,000 சில்லறை போட்டிருக்கும், 5 வோல்ட்டில் வெளியே வரும் உண்மை எண் அதுதான். அந்த எண்ணே இல்லாத பவர் பேங்க்கை வாங்க வேண்டாம்.

விமானத்தில் போகும்போதும் பார்ப்பது இந்த வாட் அவர்தான், 100 வரை கைப்பையில் அனுமதி, செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. லேசாக உப்பியிருந்தால்கூட அதைப் பயன்படுத்தாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். சித்திரை வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியில் பவர் பேங்க் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

கேள்வி: ஐபோன் நம் ஸ்ரீபெரும்புதூரில்தான் தயாராகிறது. அப்படியிருந்தும் அமெரிக்காவை விட இங்கே விலை ஏன் அதிகம்?
(வாசகி, பூந்தமல்லி)

பதில்: நியாயமான கோபம். அந்தப் பக்கம் காலை ஷிப்ட் பஸ்களில் போகும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும் யாருக்கும் இது தோன்றும். ஆப்பிளுக்காகப் போன் செய்து தரும் பாக்ஸ்கான் நிறுவனம் அங்கே 2019-இலிருந்து ஐபோன் அசெம்பிள் செய்கிறது. ஆனால் திரை, சிப், கேமரா போன்ற விலை உயர்ந்த பாகங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன, இங்கே நடப்பதில் பெரும்பங்கு கோத்துச் சேர்ப்பது. இங்கே சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது, 2020 ஏப்ரலுக்கு முன் அது 12-ஆக இருந்தது. அமெரிக்காவில் சொல்லும் விலையில் விற்பனை வரி சேராது, பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். மிச்ச வித்தியாசம் நிறுவனம் வைக்கும் விலை, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அங்கே விற்கும் ஐபோன்களில் சிம் கார்டு போடும் இடமே கிடையாது, கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான்.

கேள்வி: மகளுக்குக் கல்லூரி ஆரம்பம். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?
(ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி)

பதில்: தாராளமாக வாங்கலாம் அண்ணே. கடையில் நிற்கும்போதே *#06# அடித்து வரும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணைப் பில்லோடும் பெட்டியோடும் ஒத்துப் பாருங்கள். பிறகு கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் செய்யுங்கள், திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். பில் இல்லாத போன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், நாளைக்கு ஸ்டேஷனில் நிற்கப்போவது உங்கள் பிள்ளை. பழைய ஓனரின் கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும், உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து, உங்கள் கணக்கில் நுழைந்து காட்டச் சொல்லுங்கள்.

ரேம், மெகாபிக்சல் பேச்சுக்கு மயங்காதீர்கள். செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதி எது என்று பாருங்கள், அது ஒரு வருடத்துக்கு முன்பே நின்றிருந்தால் அந்த போனில் ஜிபே வைப்பது நல்லதில்லை. 2023-இல் வந்த பிக்சல் 8, 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24 முதலிய மாடல்களுக்கு ஏழு வருடம் அப்டேட் என்று நிறுவனங்களே வாக்குக் கொடுத்திருக்கின்றன, அப்படிப்பட்டது பட்ஜெட்டில் வந்தால் நல்லது, பேட்டரி மாற்ற ஒரு தொகை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

கேள்வி: போனில் தமிழ் டைப் செய்ய ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் பழக்கம். தமிழ்99 கற்றுக்கொள்வது பிரயோஜனமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, குரோம்பேட்டை)

பதில்: ரொம்ப. 1999 பிப்ரவரியில் நம் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி முடிவான விசைப்பலகை அது. உயிர் இடது பக்கம், மெய் வலது பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ, நான்கே தட்டல். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஒற்று எங்கே வரும் என்று தெரிந்தவருக்கு இது நம் மொழி நடக்கும் வழியிலேயே நடக்கும் பலகை, நீங்கள் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ஐபோனில் 2013-இலிருந்தே உள்ளேயே இருக்கிறது, ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். பழகிய பிறகு அடுத்த கேள்வியை அதிலேயே அடித்து அனுப்புங்கள் டீச்சர், காத்திருக்கிறேன்.